கல்விசார் ஆலோசகரைப் பயிற்றுவித்தல்: எமது பல்கலைக்கழகங்களை முன்வைத்துச் சில விமர்சனக் குறிப்புகள்

விரிவுரை நிகழ்த்துதல், வினாத்தாள் தயாரித்தல், விடைத்தாள் திருத்துதல், ஆய்வு செய்தல் என்பவற்றோடு மாணவருக்குக் கல்வி ஆலோசனை வழங்குதலையும் பல்கலைக்கழக ஆசிரியர் தம் கடமையாகக் கொள்ளல் வேண்டும் என்ற கருத்து, அண்மைக் காலத்தில் எமது உயர்கல்வி நிறுவனங்களில் வலுப்பெற்று வந்துள்ளது. தகுதிகாண் விரிவுரையாளர் ஒருவர் தமது பதவி உறுதிப்படுத்தப்படுவதற்கு முன்னர், பணியாளர் மேம்பாட்டு நிலையங்கள் நடத்தும் பயிற்சிநெறியை நிறைவு செய்தல் வேண்டும். மாணவ ஆலோசனை பற்றிய பேச்சு அங்கும் எழுகின்றது. அதற்கு அப்பால் பீடங்கள் தோறும் ஒருநாட் பட்டறைகளும் இருநாட் பட்டறைகளும் நடைபெறுகின்றன. இவை வரவேற்கத்தக்கன என்பதில் எமக்கு ஐயமில்லை. ஆயினும், பயிற்சி நல்லதே என்று கூறி அமைந்துவிடுதல் விமர்சனமாகாது. இது எதற்கான பயிற்சி, யாருக்குப் பயன்படும் பயிற்சி, எதனைக் கூறாமல் விட்டுவிடும் பயிற்சி என்ற வினாக்களை எழுப்புதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

எம்முள் சிலர் இத்தகைய பட்டறைகளிற் பங்குபற்றியோர். சிலர் அவற்றை ஒழுங்கு செய்வதிலும் கைகொடுத்தோர். ஆதலின் இங்கு சுட்டப்படும் குறைகளில் எமக்கும் பங்குண்டு. பட்டறைகளின் பொதுவான அமைப்பு வாசகருக்குப் பழக்கமானதே. காலையில் உளவியலறிஞர் ஒருவரின் உரை இடம்பெறும். பொறுமையாகச் செவிமடுத்தல், பரிவு காட்டல், அவசரப்பட்டுத் தீர்ப்புக் கூறாதிருத்தல், இரகசியம் பேணல், மன அழுத்தத்தின் அறிகுறிகளை இனங்காணல், ஆபத்தான நிலையில் உள்ளவரை உரிய வைத்தியரிடம் ஆற்றுப்படுத்தல் என்பன விளக்கப்படும். பிற்பகலில் விரிவுரையாளர்கள் இருவர் இருவராக அமர்ந்து, ஒருவர் மாணவராகவும் மற்றவர் ஆலோசகராகவும் நடிப்பர். மாலையில் சான்றிதழ் வழங்கப்படும். இந்நடிப்பில் மாணவராக அமர்பவர் பெரும்பாலும் காதலில் தோல்வியுற்றவராகவோ, வீட்டு நினைவால் வாடுபவராகவோ, பெற்றோரின் பிணக்கால் மனமுடைந்தவராகவோ வருவார். இரண்டாம் ஆண்டிற்கு எந்தப் பாடத்தைத் தெரிவது என்று அறியாத மாணவராக எவரும் நடித்ததை நாம் கண்டதில்லை.

இச்சிறு அவதானத்திலிருந்தே எமது வாதம் தொடங்குகின்றது. உளவளத்துணை வேறு, கல்வி ஆலோசனை வேறு. முன்னையது நீண்ட காலப் பயிற்சியையும் மேற்பார்வையையும் வேண்டிநிற்கும் ஒரு தொழில். ஒரு பகற்பொழுதிற் கைவருவதன்று. பின்னையதோ பல்கலைக்கழக ஆசிரியர் ஒருவரே செய்யத்தக்கது. தமது துறையின் உள்ளமைப்பை, ஒரு பாடத்துக்கும் இன்னொரு பாடத்துக்கும் இடையிலான தொடர்பை, ஒரு பெறுபேறு எதிர்காலத்தில் எவ்வாறு வினைபுரியும் என்பதை அறிந்தவர் அவரே ஆதலின், அவருடைய இடத்தை வேறெவரும் நிரப்ப இயலாது. எமது பயிற்சிகள் ஆசிரியருக்கு முழுமையாகக் கைவராத ஒன்றை அரைகுறையாகக் கற்பிக்கின்றன. அவர் கட்டாயம் அறிந்திருக்க வேண்டியதை அவருக்கு முன்னரே தெரியும் என்று கருதி விட்டுவிடுகின்றன. உண்மையில் அவருக்கு அது தெரிவதில்லை. தமது பீடத்தின் கற்கைநெறி ஒழுங்குவிதிகளை முதலிலிருந்து இறுதிவரை வாசித்த விரிவுரையாளர் எத்தனை பேர் என்று எம்மை நாமே வினவிக்கொள்வது நன்று.

கல்வி ஆலோசகர் என்ற பதவி எச்சூழலில் தோன்றியது என்பதை நோக்குமிடத்து இவ்விடயம் மேலும் தெளிவுறும். அது ஐக்கிய அமெரிக்காவிலே பிறந்தது. அதுவும் ஒரு குறிப்பிட்ட தேவையின் பொருட்டுப் பிறந்தது. 1869ஆம் ஆண்டில் ஹாவார்ட் பல்கலைக்கழகத்தின் தலைவரான சார்ல்ஸ் எலியற், எல்லா மாணவரும் ஒரே பாடங்களைக் கற்ற பழைய முறையைப் படிப்படியாகத் தளர்த்தி, மாணவர் தாமே பாடங்களைத் தெரிவுசெய்யும் முறையை விரிவாக்கினார். தெரிவு என்று ஒன்று வந்தவுடன் தவறான தெரிவு என்பதும் உடன் வந்தது. 1877ஆம் ஆண்டளவில் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகம் ஆசிரியர்களை ஆலோசகர்களாக நியமித்தது. 1889இல் ஹாவார்ட் புதுமுக மாணவருக்கென ஓர் ஆலோசகர் குழுவை ஏற்படுத்தியது. ஆக, தெரிவுமுறையும் ஆலோசகரும் ஒரே கட்டத்தின் இரண்டு தூண்கள். மாணவரின் மனத்துயரைத் தணிப்பதற்கென அப்பதவி முதலில் உண்டாக்கப்படவில்லை.

பிற்காலத்தில் அதன் பொருள் விரிவடைந்தது உண்மையே. 1972ஆம் ஆண்டில் பேர்ன்ஸ் குறூக்ஸ்ரன் என்பவரும் ரெறி ஓபானியன் என்பவரும் தனித்தனியே எழுதிய கட்டுரைகள் இத்துறையில் இன்றும் முதன்மையாகப் பேசப்படுகின்றன. மருந்துச் சீட்டு எழுதுவதுபோல இதை எடு, அதை விடு என்று கூறும் ஆலோசனைக்கு மாறாக, மாணவரின் வளர்ச்சியை மையமாகக் கொண்ட ஆலோசனையைக் குறூக்ஸ்ரன் வற்புறுத்தினார். ஆலோசனை வழங்குதல் கற்பித்தலின் ஒரு வடிவமே என்பது அவரது நிலைப்பாடு. 1979இல் ஆலோசகர்களுக்கெனத் தேசிய அமைப்பொன்றும் அந்நாட்டில் உருவாயிற்று. ஆலோசகருக்கு வேண்டிய தகைமைகளை அவ்வமைப்பு கருத்துநிலை, தகவல்நிலை, உறவுநிலை என மூன்றாக வகுத்துக் கூறும். ஆலோசனை என்றால் என்ன என்ற கோட்பாட்டுத் தெளிவு முதலாவது. விதிகள், பாடங்கள், மாணவர் பற்றிய அறிவு இரண்டாவது. மனிதரோடு பழகும் பாங்கு மூன்றாவது. எமது பட்டறைகள் மூன்றாவதை மட்டும் இறக்குமதி செய்துள்ளன. அதற்குக் காரணம் எளிது. உறவுநிலைத் திறன்களை எங்கிருந்தும் எடுத்துவந்து எங்கும் கற்பிக்கலாம். தகவல்நிலை அறிவை அந்தந்தப் பீடமே உழைத்துத் தேடிக்கொள்ளல் வேண்டும்.

இனி எமது வரலாற்றுக்கு வருவோம். 1942ஆம் ஆண்டில் இலங்கைப் பல்கலைக்கழகம் ஏறத்தாழ 900 மாணவருடன் ஆரம்பமாயிற்று. அதன் முதல் துணைவேந்தரான ஐவர் ஜெனிங்ஸ் கேம்பிறிட்ஜில் பயின்றவர். 1952இல் பேராதனைக்கு இடம்பெயர்ந்த பின்னர் அங்கு உருவான விடுதி வாழ்க்கை, விடுதிப் பொறுப்பாளர், சிறுகுழு வகுப்பு ஆகியன ஆங்கிலேயக் கல்லூரி மரபை அடியொற்றியன. அக்காலத்து மாணவர் ஆசிரியருடன் நெருங்கிப் பழகினர் என்றும், ஒவ்வொருவரையும் ஆசிரியர் பெயர் சொல்லி அறிந்திருந்தார் என்றும் மூத்தோர் நினைவுகூர்வர். அந்நினைவுகளில் உண்மை உண்டு. ஆனால் அந்நெருக்கத்தின் சமூக அடிப்படையை மறந்து அதனைப் பொற்காலமாகப் போற்றுதல் பொருந்தாது. அன்று பல்கலைக்கழகம் புகுந்தோரிற் பெரும்பாலானோர் ஆங்கிலக் கல்லூரிகளிற் பயின்ற வசதிபடைத்த குடும்பத்தினர். பல்கலைக்கழகம் என்றால் என்ன, சிறப்புப் பட்டத்துக்கும் பொதுப் பட்டத்துக்கும் வேறுபாடு யாது, எப்பாடம் எவ்வுத்தியோகத்துக்கு இட்டுச் செல்லும் என்பன அவர்தம் வீட்டுத் திண்ணையிலேயே பேசப்பட்டவை. ஆலோசனையின் பெரும்பகுதி குடும்பத்தினாலும் வர்க்கத்தினாலும் முன்கூட்டியே வழங்கப்பட்டிருந்தது. விடுதிப் பொறுப்பாளர் அதன் மேல் ஒரு மெருகு பூசினார், அவ்வளவே.

1945ஆம் ஆண்டின் இலவசக் கல்வித் திட்டம் விதைத்த விதை, 1960 அளவில் கலைப்பீடத்தில் சிங்களமும் தமிழும் போதனாமொழிகளானபோது விளைச்சலைத் தந்தது. கிராமத்துப் பாடசாலைகளின் பிள்ளைகள் பல்கலைக்கழகத்தின் வாயிலைக் கடந்தனர். எமது கல்வி வரலாற்றின் மிகப் பெரிய சனநாயக நிகழ்வு இதுவே என்று கூறுதல் மிகையாகாது. ஆனால் வாயிலைத் திறந்துவிட்டவர்கள் உள்ளே வழிகாட்டிப் பலகைகளை நாட்ட மறந்தனர். மாணவர் தொகை பெருகிய வேகத்தில் ஆசிரியர் தொகை பெருகவில்லை. சிறுகுழு வகுப்புகள் பல துறைகளில் பெயரளவிலானவையாயின. 1972இன் சட்டம் பல்கலைக்கழகங்களை ஒன்றாக்கி வளாகங்கள் எனப் பெயரிட்டது. 1978ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கச் சட்டம் அவற்றை மீண்டும் தனித்தனிப் பல்கலைக்கழகங்களாக்கியது. நிர்வாக அமைப்புப் பற்றி நாடு நீண்ட விவாதங்களை நடத்திய காலத்தில், மாணவர் ஒருவர் அவ்வமைப்புக்குள் எவ்வாறு வழிகண்டு நடப்பார் என்ற வினா எவருடைய மேசைக்கும் வந்ததாகத் தெரியவில்லை. 1974இல் வளாகமாகத் தொடங்கி 1979இல் தனிப் பல்கலைக்கழகமான யாழ்ப்பாணமும், 1986இல் அந்நிலை எய்திய கிழக்கும், 1996இல் அந்நிலை எய்திய தென்கிழக்கும் இக்குறையையும் சேர்த்தே முதுசமாகப் பெற்றன. வடகிழக்கின் நீண்ட யுத்த காலத்தில், பரீட்சைகளைத் தடையின்றி நடத்துவதே சாதனையாயிருந்த நிலையில், இது பற்றிச் சிந்திக்க அவகாசம் இல்லாமற் போனதும் நியாயமே.

நிலைமை உண்மையில் மாறியது 1990களின் பின்னராகும். ஆண்டிறுதிப் பரீட்சை முறை கைவிடப்பட்டு, அரையாண்டுகளாக வகுக்கப்பட்ட பாட அலகு முறை படிப்படியாக எமது பீடங்களிற் புகுத்தப்பட்டது. இன்று இலங்கைத் தகைமைச் சட்டகத்தின்படி ஓர் ஆண்டுக்கான கற்கை 30 அலகுகள். ஓர் அலகு 50 மணி நேரக் கற்றலைக் குறிக்கும். பொதுப் பட்டத்துக்கு 90 அலகுகளும், நான்காண்டுச் சிறப்புப் பட்டத்துக்கு 120 அலகுகளும் வேண்டப்படுகின்றன. கட்டாயப் பாடங்கள், விருப்புப் பாடங்கள், முற்றேவைப் பாடங்கள், துணைப் பாடங்கள் எனப் பாடங்கள் பெருகின. எலியற்றின் ஹாவார்டில் ஆலோசகரைத் தோற்றுவித்த அதே நிலைமை, ஒரு நூற்றாண்டின் பின் எம்மிடம் வந்து சேர்ந்தது. தூண்களில் ஒன்றை மட்டும் நாம் நாட்டினோம். மற்றையதன் இடத்தில் ஒரு பெயர்ப்பட்டியலை அறிவித்தற் பலகையில் ஒட்டினோம்: இன்ன பதிவிலக்கத்திலிருந்து இன்ன பதிவிலக்கம் வரை ஆலோசகர் இன்னார்.

இதன் விளைவை ஒரு சிறு கணக்கினால் விளக்கலாம். முதலாண்டுப் புள்ளிகளும் இறுதிச் சராசரியிற் சேர்க்கப்படும் பீடமொன்றில், மாணவி ஒருவர் முதல் 30 அலகுகளில் 2.30 என்ற சராசரியைப் பெறுகின்றார் எனக் கொள்வோம். பல்கலைக்கழகம் புகுந்த புதிதில், மொழியும் முறையும் பிடிபடாத நிலையில், இது அருமையான நிகழ்வன்று. அவர் 120 அலகுகளின் முடிவில் இரண்டாம் வகுப்பு மேற்பிரிவுக்குரிய 3.30ஐ எட்டவேண்டுமாயின், எஞ்சிய 90 அலகுகளிலும் 3.63 என்ற சராசரியைப் பேணல் வேண்டும். அதாவது ஏறத்தாழ எல்லாப் பாடங்களிலும் 'ஏ மைனஸ்' தரத்தை அண்மித்த பெறுபேறு வேண்டும். கீழ்ப்பிரிவுக்குரிய 3.00ஐ எட்டுவதற்கே 3.23 வேண்டும். இக்கணக்கைச் செய்ய இரண்டு நிமிடம் போதும். ஆனால் முதலாம் அரையாண்டின் முடிவில் இதனை அவருக்குச் செய்துகாட்டுவோர் இல்லை. தோல்வியுற்ற பாடத்தை மீண்டும் எழுதினால் பொதுவாக 'சீ' தரத்துக்கு மேல் வழங்கப்படுவதில்லை என்பதும், ஆதலின் ஆயத்தமில்லாத பரீட்சைக்கு அமர்ந்து தோற்பதைவிடத் தக்க காரணமிருப்பின் உரிய மருத்துவச் சான்றிதழை உரிய காலத்தில் ஒப்படைத்தல் நன்று என்பதும் அவருக்கு நான்காம் ஆண்டில்தான் தெரியவரும். அப்போது அவ்வறிவினால் ஆவது ஒன்றுமில்லை.

எமது அனுபவத்தில் திரும்பத் திரும்பக் கண்ட இன்னொரு நிகழ்வையும் குறிப்பிடலாம். சிறப்புப் பட்டத்துக்குத் தெரிவாக விரும்பும் மாணவர், அத்துறை முதலாம் ஆண்டில் வேண்டிநிற்கும் பாடமொன்றை எடுக்காமல் விட்டுவிடுகின்றார். நேரசூசி மோதியது, அல்லது அது கடினமான பாடம் என்று யாரோ கூறினர். இரண்டாம் ஆண்டில் விண்ணப்பப் படிவத்துடன் வந்து நிற்கும்போது விதியைக் காட்டி நாம் மறுக்கின்றோம். விதி கைநூலில் அச்சிடப்பட்டுள்ளது என்பது எமது விடை. அக்கைநூல் பெரும்பாலும் ஆங்கிலத்தில் உள்ளது. தமிழ்மொழி மூலம் கற்கும் கலைப்பீட மாணவருக்கு, அவர் கற்கும் மொழியில் அவரது உரிமைகளும் கடப்பாடுகளும் எழுதிக் கொடுக்கப்படவில்லை என்பதை நாம் அவமானமாகக் கருதுவதில்லை. 'யாரோ கூறினர்' என்பதையும் நாம் கேட்டுவிட்டு மறந்துவிடுகின்றோம். அந்த யாரோ யார் என்பதே இவ்விடயத்தின் மையம்.

எமது பல்கலைக்கழகங்களில் மெய்யான கல்வி ஆலோசகர் சிரேட்ட மாணவர் ஆவர். எந்தப் பாடத்தை எடுப்பது, எந்த விரிவுரையாளர் எவ்வாறு புள்ளியிடுவார், சென்ற ஆண்டுகளின் வினாத்தாள்கள் எங்கு கிடைக்கும், யாருடைய குறிப்புக் கொப்பி நம்பத்தக்கது, மகாபொலப் புலமைப்பரிசில் தாமதமானால் எந்த அலுவலரிடம் போவது, விடுதி கிடைக்காவிடின் எங்கு அறை தேடுவது ஆகிய அனைத்தும் சிரேட்டரிடமிருந்தே கனிட்டருக்குச் செல்கின்றன. இவ்வுதவியின் மனிதப் பண்பை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. கைமாற்றாகப் பெற்ற கொப்பி ஒன்றினால் பட்டம் பெற்றோர் எம்முள்ளும் உளர். மலையகத்திலிருந்தோ வன்னியிலிருந்தோ தம் குடும்பத்தில் முதலாவதாகப் பல்கலைக்கழகம் புகும் ஒருவருக்கு, ஊர்க்காரச் சிரேட்டர் ஒருவரே பெற்றாராகவும் ஆலோசகராகவும் அமைகின்றார்.

ஆனால் இவ்வுதவிக்கு விலையுண்டு. அவ்விலை பல இடங்களிற் பகிடிவதை என்ற வடிவிற் பெறப்படுகின்றது. பகிடிவதைக்கு உட்படாத கனிட்டர் கொப்பி பெறார், பிரிவுபசாரத்துக்கு அழைக்கப்படார், எந்தப் பாடத்தில் என்ன வரும் என்பதை அறியார். பணிந்தவர் யாவும் பெறுவார். பகிடிவதையைச் சில தீய மாணவரின் வக்கிரம் என்று விளக்குதல் எளிது. 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் அதனைக் குற்றமாக்கியது. அது வேண்டிய சட்டமே. எனினும் அவ்வழக்கம் சட்டத்தையும் கடந்து நிலைபெறுவதற்கு ஒரு பொருளியல் அடித்தளம் உண்டு என்பதை எமது ஆய்வாளர் போதியளவு கவனிக்கவில்லை. தகவல் ஓர் அரும்பொருளாக இருக்குமிடத்து, அதனைக் கையில் வைத்திருப்போர் அதிகாரம் பெறுவர். நிறுவனம் இலவசமாக வழங்க வேண்டிய அறிவை அது வழங்காதபோது, அதற்கு ஒரு கள்ளச்சந்தை உருவாகின்றது. ஆசிரியர் ஆலோசனை வழங்கத் தவறிய வெற்றிடத்திலேதான் சிரேட்டரின் ஆதிக்கத்தின் ஒரு வேர் ஊன்றியுள்ளது. வேறு வேர்களும் உள. ஆயினும் இவ்வேரை அறுக்கும் ஆற்றல் எமது கையிலேயே இருப்பதால் இதனை வற்புறுத்துகின்றோம்.

இங்குதான் 'மாணவ ஆலோசகர்' என்ற பதவியின் விசித்திரம் புலப்படும். எமது பல்கலைக்கழகங்களில் இப்பெயர் தாங்கிய விரிவுரையாளர், புதுமுக மாணவர் வரும் காலங்களில் இரவிலே விடுதிகளைச் சுற்றிவருபவர், முறைப்பாட்டை விசாரிப்பவர், தண்டனைக்குப் பரிந்துரைப்பவர். அதே ஆளிடம் மறுநாட் காலை ஒரு மாணவர் சென்று தம் குழப்பங்களை மனந்திறந்து கூறுவார் என எதிர்பார்க்கின்றோம். நாம் பின்பற்றியதாகக் கூறிக்கொள்ளும் கேம்பிறிட்ஜ் கல்லூரிகளில்கூட மாணவரின் நலன் பேணுபவர் ஒருவர், கற்கையை நெறிப்படுத்துபவர் இன்னொருவர், ஒழுக்காற்று அலுவலர் மற்றொருவர். அங்கிருந்து கொண்டுவந்தபோது மூன்று சட்டைகளையும் நாம் ஒருவருக்கே அணிவித்துவிட்டோம். செவிமடுத்தல் பற்றி எத்தனை பட்டறைகள் நடத்தினும், கேட்பவரின் கையில் விசாரணைக் கோவை இருக்கும்வரை பேசுபவர் அளந்தே பேசுவார். கல்வி ஆலோசகரை ஒழுக்காற்றுக் கடமையிலிருந்து பிரித்தல் பயிற்சிக்கு முந்திய நிபந்தனை என்பது எமது கருத்து.

அவ்வாறு பிரித்த பின் எதனைப் பயிற்றுவிப்பது? முதலாவதாக, வாசிப்பு. இதனைக் கூறும்போது சிலர் நகைப்பர். ஆயினும் ஒரு பீடத்தின் ஒழுங்குவிதிகளை ஆசிரியர் அனைவரும் கூடியிருந்து ஒரு முழுநாள் வாசிப்பரேல், அவற்றுள் ஒன்றோடொன்று முரண்படுவன எத்தனை, எவருக்கும் பொருள் விளங்காதன எத்தனை என்பது வெளிப்படும். எம்முள் ஒருவர் தமது பீடத்தில் இதனைச் செய்து பார்த்தபோது, மீள்பரீட்சை பற்றிய ஒரே விதிக்கு ஒரே அறையில் மூன்று விளக்கங்கள் கிடைத்தன. அம்மூன்று விளக்கங்களும் அதுவரை மூன்று மாணவர் குழுக்களுக்கு மெய்யெனக் கூறப்பட்டுவந்தன!

இரண்டாவதாக, பெறுபேற்றுத் தாளை வாசித்தல். பெயரும் பதிவிலக்கமும் நீக்கப்பட்ட சென்ற ஆண்டுப் பெறுபேறுகளைப் பயிற்சியில் முன்வைத்து, இம்மாணவருக்கு எக்கட்டத்தில் எச்சொல் கூறியிருந்தால் நிலை மாறியிருக்கும் என்று ஆராய்தல் வேண்டும். கணக்கியலிற் சிறந்து பொருளியலிற் சரிந்தவர், தொடர்மதிப்பீட்டில் நல்ல புள்ளியும் இறுதிப் பரீட்சையில் வெறுமையும் பெற்றவர், எழுத்துப் பாடங்களில் மட்டும் திடீரென வீழ்ந்தவர் எனத் தாள் தானே பேசும். ஆங்கில மொழிமூலம் கற்பிக்கும் விஞ்ஞான, முகாமைத்துவ பீடங்களில், உயர்தரம் வரை தமிழிற் கற்றுவந்த மாணவரின் முதலாம் அரையாண்டுச் சரிவு பாட அறிவின் குறையா மொழியின் தடையா என்று பிரித்தறிதல் ஆலோசகரின் அடிப்படைத் திறன். அதனைப் பிரித்தறியாது 'இன்னும் முயலும்' என்று கூறுதல் ஆலோசனையாகாது.

மூன்றாவதாக, மொழியும் மரியாதையும். உறவுநிலைத் திறன் என்பதை நாம் மறுக்கவில்லை. அது எமது மண்ணில் எவ்வாறு அமையும் என்பதே வினா. கண்ணை நோக்கிப் பேசுக, முதற்பெயரால் அழைக்கச் செய்க என்னும் அறிவுரைகள் இங்கு பயன்படா. 'சேர்' என்று எழுந்து நிற்கும் மாணவர் தனியே கதவைத் தட்டுவதில்லை. மூவர் நால்வராக வருவர். பேச வேண்டியவர் பெரும்பாலும் பின்னால் நிற்பார். முன்னால் நிற்பவர் தோழருக்காகப் பேசுவார். இதனைக் கூச்சம் என்று கடிந்து ஒருவரை மட்டும் உள்ளே அழைப்பது, அவரையும் இழப்பதாகவே முடியும். யாழ்ப்பாணத்து ஆசிரியர் மாணவரை 'நீர்' என்று விளிப்பதில் ஓர் இயல்பான அன்பும் அளவான மதிப்பும் உண்டு. அவ்வழக்கை அறியாத மலையக மாணவருக்கு அச்சொல் விலக்கிவைப்பதாகவே ஒலிக்கலாம். இத்தகைய நுட்பங்களை வேற்று நாட்டுப் பயிற்சிக் கையேடு எதுவும் எமக்குச் சொல்லித்தராது. யாழ்ப்பாணத்திலும் வவுனியாவிலும் சிங்கள மாணவர் கணிசமாகக் கற்கும் இன்றைய நிலையில், ஆலோசகருக்கும் மாணவருக்கும் இருவருக்குமே இரண்டாம் மொழியான ஆங்கிலத்திலேயே உரையாடல் நிகழ்கின்றது. பேராதனையிலோ கொழும்பிலோ தமிழ் மாணவர் நிலையும் பலவேளை இதுவே. மனக்குறையைக் கூறத் தாய்மொழி வேண்டும் என்பது ஒருபுறமிருக்க, ஒரு விதியைத் தெளிவாக விளங்கிக்கொள்வதற்கே அது வேண்டும். ஆலோசகர் பயிற்சியில் இரண்டாம் தேசிய மொழிக்கு இடமளிக்காமல் பரிவு பற்றிப் பேசுதல் எவ்வளவு பொருந்தும்?

எமது நிலைப்பாட்டுக்கு இரு திசைகளிலிருந்து மறுப்பு எழக்கூடும். பல்கலைக்கழக மாணவர் வயதுவந்தோர். அவரைக் கைபிடித்து நடத்துதல் அவரது சுயாதீனத்தைக் குலைக்கும் என்பர் ஒருசாரார். இதற்கு நீண்ட விடை வேண்டியதில்லை. வீட்டிலேயே வழிகாட்டப்பெற்றவரின் சுயாதீனமும், வழியறியாதவரின் தனிமையும் ஒன்றல்ல.

மற்றைய மறுப்பு எம் தோழர்களிடமிருந்து வருவது. ஆதலின் அதனைப் பாரதூரமாகக் கொள்ளல் வேண்டும். மாணவரின் இடர்களுக்குக் காரணம் சமூக அமைப்பு. வறுமை, பாடசாலைகளின் ஏற்றத்தாழ்வு, மொழிக் கொள்கை, பட்டதாரிகளின் வேலையின்மை ஆகியவற்றைத் தனிமனிதப் பிரச்சினைகளாக்கி, ஓர் அறைக்குள் இருவர் பேசித் தீர்ப்பதாகக் காட்டுவது முரண்பாட்டை மூடிமறைப்பதாகும் என்பது அவர்தம் வாதம். இன்றைய பட்டறைகளைப் பொறுத்தவரை இக்குற்றச்சாட்டு பெரும்பாலும் உண்மை. பகல் உணவின்றி விரிவுரைக்கு வரும் மாணவருக்கு மூச்சுப் பயிற்சி கற்பிக்கும் ஆலோசனை, முரண்பாட்டை மறைப்பதே. 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியின்போது இதனை நாம் நேரிற் கண்டோம். எனினும் அதிலிருந்து ஆலோசனையே வேண்டாம் என்ற முடிபுக்கு வருதல் தகாது. அறைக்குள் கேட்பது அறைக்குள்ளேயே நின்றுவிடுமாயின் மட்டுமே அது மறைப்பாகும். ஒரே விதியினால் பத்து மாணவர் இடருற்றனர் என்பதைப் பத்து ஆலோசகர் தனித்தனியே அறிந்திருந்து, ஒருவருக்கொருவர் கூறாதிருப்பதே இன்றைய நிலை. பெயர்களை வெளியிடாது அவ்வறிவைத் திரட்டிப் பீடச்சபைக்கும் மூதவைக்கும் கொண்டுசெல்லும் முறையைப் பயிற்சியின் பகுதியாக்கினால், ஆலோசகர் நிறுவனத்தின் சார்பில் மாணவரைச் சமாதானப்படுத்துபவராக அன்றி, மாணவரின் அனுபவத்தின் சார்பில் நிறுவனத்தை வினவுபவராக மாறுவார். குறூக்ஸ்ரன் கூறிய வளர்ச்சி மாணவருக்கு மட்டும் உரியதாக ஏன் இருத்தல் வேண்டும்?

இவையாவும் நேரத்தை வேண்டுவன. நேரம் பற்றிப் பேசாத பயிற்சி வெறும் உபதேசமாகும். விரிவுரையாளரின் பதவி உயர்வில் ஆய்வு வெளியீடுகளுக்குரிய கனத்தோடு ஒப்பிடுமிடத்து ஆலோசனைக்குரிய கனம் மிகச் சொற்பம். இளம் விரிவுரையாளர் ஒருவர் மாணவருக்கென ஒதுக்கும் ஒவ்வொரு பிற்பகலும் அவருக்குத் தொழில்ரீதியில் நட்டமே. அவ்வாறிருந்தும் ஒதுக்குவோர் உளர். அவர்களைப் பொறுத்தவரை பயிற்சி அவர்களிடமிருந்து பெறப்பட வேண்டியதேயன்றி அவர்களுக்கு அளிக்கப்பட வேண்டியதன்று. நெருக்கடியின் பின் விரிவுரையாளர் பலர் நாட்டை நீங்கியமையால் எஞ்சியோரின் சுமை மேலும் கூடியுள்ளது. இந்நிலையில் ஐம்பது மாணவருக்கு ஒருவர் எனப் பட்டியலிடுவதைவிட, முதலாம் அரையாண்டுப் பெறுபேறு வெளியான பின் இடருற்றோர் சிலரையேனும் உறுதியாகச் சந்திப்பது பயன் தரும்.

பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் தர மதிப்பீட்டு முறை மாணவருக்கான ஆதரவையும் முன்னேற்றத்தையும் ஓர் அளவுகோலாகச் சேர்த்துள்ளமை நன்று. ஆனால் மதிப்பீட்டாளர் கேட்பது சான்று; சான்று என்றால் கோவை. ஆதலின் மதிப்பீடு நெருங்கும் மாதங்களில் ஆலோசனைப் பதிவேடுகள் திடீரெனச் செழிக்கின்றன. எமக்குத் தெரிந்த ஒரு பீடத்தில், சந்திப்புகள் நிகழாத திகதிகளுக்கும் கையொப்பம் தேடி மாணவர் ஆசிரியரைத் துரத்தினர். அதுவே அவ்வாண்டில் அவர்கள் தம் ஆலோசகரைக் கண்ட முதற் சந்தர்ப்பமாக இருந்திருக்கவும் கூடும்.

அப்பதிவேட்டின் அமைப்பையும் நோக்குக. திகதி, மாணவரின் பெயர், பிரச்சினை, வழங்கிய ஆலோசனை, கையொப்பம் என ஐந்து நிரல்கள் அதில் உள்ளன. பிரச்சினைக்குக் காரணமான விதி, நேரசூசி, அலுவலகம் அல்லது விரிவுரையாளர் என்று எழுதுவதற்கு நிரல் இல்லை. அடுத்த பட்டறையில் சான்றிதழுக்கு முன்னர் அந்த ஆறாவது நிரலை வரைவதற்கு ஓர் அரைமணி நேரம் ஒதுக்குமாறு கேட்டுக்கொள்கின்றோம்.